பாரெக் அக்காவுக்கு ஒரு நாற்காலி

குப்பாங்,
6 பிப்ரவரி 2018

தமியான் சித்தப்பாவுக்கு,

கேவா எழுதுகிறேன். இரண்டு வருடம் கழித்து. அப்பாவின் அடக்கத்துக்கு நீங்கள் வரவில்லை. கப்பல் நிரம்பிவிட்டது என்று சொல்லி அனுப்பினீர்கள். நிரம்பிய கப்பலோடு யார் சண்டை போட முடியும்? கூடப்பிறந்தவன் ஒரு மீன்படகையாவது பிடித்து வந்திருக்கலாம் என்று அம்மா இன்றும் சொல்கிறாள். அதை அப்படியே விட்டுவிடுகிறேன். இது வேலைக் கடிதம்.

இங்கே ஒரு சின்ன அலுவலகத்தில் இணையதளம் வடிவமைக்கிற வேலையில் சேர்ந்திருக்கிறேன். நீங்கள் பத்தொன்பது வருடமாகக் கப்பல் துறையில், அந்த ஜெட்டிச் சன்னலில், டிக்கெட் கிழிக்கிற அதே கப்பலுக்குத்தான் இப்போது தளம் செய்கிறோம். உங்கள் வாத்தோலோன் தீவுக்காரர்கள் இனி போனிலேயே இடம் பிடிக்கலாம். உங்கள் சன்னலை மூடமாட்டார்கள், பயப்பட வேண்டாம். எனக்கு மே முடிகிற வரை சோதனைக் காலம். இந்தத் தளம் சரியாக அமைந்தால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் போகும்.

எங்கள் தலைவி வெனிங் அம்மாவுக்கு ஒரு வழக்கம். பக்கம் வரைவதற்கு முன் அதைப் பயன்படுத்தப்போகிற மனிதர்களைக் கேட்டு வரச் சொல்வார். நாற்பது பேர் சொன்னதிலிருந்து நாலு மாதிரி ஆட்களை உருவாக்குவோம். ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, ஆசை, பயம், அடிக்கடி சொல்கிற வார்த்தை, எல்லாம் உண்டு. பிறகு அந்த ஆள் ஒரு நாள் இடம் பிடிக்க வந்தால் என்ன நடக்கும் என்று கதையாக எழுதிப் பார்ப்போம். அந்தக் கதையில் அவர் எங்கே தடுக்கி நிற்கிறாரோ, அங்கேதான் எங்கள் வேலை.

நாற்பது தாள் அனுப்பியிருக்கிறேன். உங்கள் சன்னலுக்கு வருகிறவர்களிடம் கேட்டு நிரப்புங்கள். அவர்கள் சொன்னதை மட்டும் எழுதுங்கள் சித்தப்பா. தயவுசெய்து கூட்டிச் சொல்ல வேண்டாம். உங்கள் போன் கடலில் விழுந்துவிட்டதாகக் கப்பல் சமையல்காரர் லூகாஸ் சொன்னார். அதனால் எல்லாம் அவர் கையில்தான் வரும்.

கேவா

*

வாத்தோலோன் ஜெட்டி,
16 பிப்ரவரி 2018

என் தங்கம் கேவாவுக்கு,

உன் கடிதத்தை லூகாஸ் நீட்டியபோது ஜெட்டியில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். “என்னண்ணே, என் கையில உங்களுக்கு மீன் தலதான் வரும், இன்னைக்குக் கடுதாசி வந்திருக்கு?” என்றான். “டேய், என் அண்ணன் மக கம்ப்யூட்டருக்குள்ள கப்பல் விடுறா. எந்தப் பக்கம் திருப்பணும்னு என்கிட்ட கேக்குறா” என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சமையலறைக்குள் போய்விட்டான்.

போன் விஷயம் ஊர் தப்பாகப் பேசுகிறது. அது விழவில்லை. ஒரு ஓங்கில், டால்பின் என்பீர்களே அதுதான், தண்ணீரிலிருந்து எட்டிப் பார்த்தது. நான் மரியாதைக்கு நீட்டினேன், அது மரியாதைக்கு வாங்கிக்கொண்டது. இன்றும் மத்தியான வேளையில், வெயிலில் கடல் பால் மாதிரி ஆகிவிடும் நேரத்தில், ஜெட்டிக்கு அடியில் மணி அடிக்கிறது. எடுக்கத்தான் ஆளில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் ஐந்தை இரண்டு முறை படித்ததால் ஆறு என்றே வைத்துக்கொள்ளலாம். உன் நாற்பது தாளையும் ஒரே வாரத்தில் முடித்துவிட்டேன். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற தேங்காய் வியாபாரி இருக்கிறார். பன்றிக்குட்டியைப் பைக்குள் மறைத்துக் கொண்டுபோகிற கன்னியாஸ்திரி இருக்கிறார். எல்லாரையும் விட முப்பத்தேழாம் தாளைப் பார். அதை இங்கேயும் எழுதுகிறேன், ஏனென்றால் எழுதும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

பெயர்: மரியா பாரெக். வயது: ஐம்பத்தெட்டு. ஆசை: சன்னல் ஓரம் ஒரு இருக்கை. பயம்: கடலுக்கு இல்லை, பலகைக்கு. ஜெட்டிக்கும் கப்பலுக்கும் நடுவே போடுவார்களே, அந்தப் பலகைக்கு. அடிக்கடி சொல்வது: “அடுத்த வெள்ளிக்கிழமை.”

தட்டிய சோளம் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். அம்மாவுக்கும் கொடு. அவள் வாங்குவாளோ மாட்டாளோ.

உன் சித்தப்பா
தமியான் லாகா

*

குப்பாங்,
27 பிப்ரவரி 2018

சித்தப்பாவுக்கு,

சோளத்தை அம்மா வாங்கவில்லை. மேசையில் இருந்ததை யாரோ பாதி தின்றிருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

முப்பத்தேழாம் தாளை வெனிங் அம்மா சத்தமாகப் படித்தார். “மத்த மூணு பேரும் எங்க வேணா கிடைப்பாங்க. இந்த அம்மாவுக்கு ஏறத் தெரிஞ்சா, எல்லாருக்கும் ஏறத் தெரியும்” என்றார். பாரெக் அக்காவை ஓர் அட்டையில் வரைந்து சுவரில் மாட்டியிருக்கிறோம். முகம் தெரியாததால் கடல் பக்கம் திரும்பி நிற்கிற மாதிரி வரைந்தோம்.

இங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. கூடிப் பேசும்போது மாதிரி ஆளுக்கு என்று ஒரு நாற்காலியைக் காலியாக விடுவோம். அவருக்கு யாரோ தேநீர் வைக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். நேற்று ஒருவர் பக்கத்தின் மேல் மின்னுகிற விளம்பரம் போடலாம் என்றார். எல்லாரும் அந்த நாற்காலியைப் பார்த்தோம். அவர் தானாகவே, “சரி, அக்காவுக்குக் கண் கூசும்” என்று சொல்லிவிட்டார்.

இப்போது கதை வேண்டும். வெள்ளிக்கிழமை காலை எழுந்ததிலிருந்து கயிறு அவிழ்க்கும் வரை பாரெக் அக்கா என்ன செய்கிறாள்? ஏன் ஏறாமல் திரும்புகிறாள்? அவளையே கேட்டு எழுதுங்கள்.

கேவா

*

வாத்தோலோன் ஜெட்டி,
9 மார்ச் 2018

தங்கத்துக்கு,

கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நடுவில் ஒரு திமிங்கிலம் வந்து நின்று கேட்டது, அதை விட்டுவிடுகிறேன், நீ திட்டுவாய்.

வெள்ளிக்கிழமை என்றால் பாரெக் சேவல் கூவும் முன்பே எழுந்துவிடுகிறாள். பெட்டிக்குள் மடித்து வைத்த நல்ல துணியை எடுத்து உடுத்துகிறாள். அதில் கிராம்பு வாசனை. கொடிமுந்திரி நிறத்தில் ஒரு பை. பைக்குள் வெற்றிலை, சீப்பு, தட்டிய சோளம், அக்கரையில் இருக்கிறவருக்கு ஒரு சட்டை. யாருக்கு என்று கேட்டேன், சொல்லவில்லை. மலைப் பாதையில் இறங்கி வருகிறாள். மாமரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்கள் “எங்கக்கா கெளம்பிட்டீங்க?” என்று கேட்டால், “குப்பாங்குக்குத்தான், வேற எங்க?” என்று பெரிய குரலில் சொல்கிறாள். குப்பாங்குக்கு நூறு தடவை போனவள் மாதிரி பேசுவாள். அங்கே எந்தக் கடையில் ரொட்டி நன்றாக இருக்கும் என்று கூடச் சொல்வாள்.

சன்னலுக்கு வந்து இடம் இருக்கிறதா என்று கேட்கிறாள். இருக்கிறது. வாங்குகிறாள். கப்பல் வருகிறது, வெள்ளையாக, கனவில் வருகிற மாடு மாதிரி மெதுவாக. பலகை போடுகிறார்கள். கோழிக்கூடை ஏறுகிறது, அரிசி மூட்டை ஏறுகிறது, பிள்ளையைச் சுமந்தவள் ஏறுகிறாள். இவள் பலகைக்கு ஒரு முழம் முன்னே நிற்கிறாள். பலகைக்குக் கீழே ஒரு கீற்று அளவுக்குத் தண்ணீர் தெரிகிறது. அது மூச்சு விடுகிறது. பலகையும் மூச்சு விடுகிறது. இவள் மட்டும் விடுவதில்லை. கயிறு அவிழ்கிறது. கப்பல் தன் நிழலைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது.

திரும்பி மலையேறும்போது மாமரத்தடியில் கேட்கிறார்கள். “என்னக்கா, போகலையா?”

“கப்பல் நெறஞ்சு போச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை.”

அவ்வளவுதான் கதை. இதைப் போல நான் நூறு எழுதுவேன், தாள்தான் வேண்டும்.

சித்தப்பா

*

குப்பாங்,
20 மார்ச் 2018

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

அன்புள்ள என்று எழுதிவிட்டேன், அடிக்கப்போவதில்லை.

இந்த வாரம் முழுக்க அலுவலகமே பாதித் தூக்கத்தில் நடக்கிற மாதிரி இருக்கிறது. படம் வரைகிற தோழிக்குக் கனவில் பாரெக் அக்கா வந்து சீப்பைக் காணோம் என்று தேடினாளாம். காலையில் நாற்காலியின் கால்மாட்டில் நிஜமாகவே ஒரு சீப்பு கிடந்தது. எங்களில் யாருடையதும் இல்லை. வெனிங் அம்மா அதை எடுத்து, துடைத்து, தேநீருக்குப் பக்கத்தில் வைத்தார்.

அவளுக்காகவே ஒரு பொத்தான் செய்திருக்கிறோம். ‘கயிறு அவிழ்க்கும் வரை பிடித்து வை.’ அழுத்தினால் இருக்கை அவளுக்காகக் காத்திருக்கும். ஏறாவிட்டால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குத் தானாகவே மாறிவிடும். கப்பல் கம்பெனிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். வெனிங் அம்மா உங்கள் கதையைப் படித்துக் காட்டினார். சுளிப்பு போய்விட்டது.

நல்ல சேதி இனிமேல்தான். ஏப்ரல் மூன்றாம் தேதிக் கப்பலில் வெனிங் அம்மா அங்கே வருகிறார். பாரெக் அக்கா கையில் போனைக் கொடுத்து, பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமாம். அக்காவுக்குச் சொல்லி வையுங்கள். என் வேலை அன்றைக்கே முடிவாகிவிடும் என்று நினைக்கிறேன்.

கேவா

*

வாத்தோலோன் ஜெட்டி,
23 மார்ச் 2018

தங்கத்துக்கு, அவசரமாக.

வெனிங் அம்மா வர வேண்டாம். கடல் சரியில்லை. பாரெக்குக்குப் பொன்னுக்கு வீங்கி. அதோடு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். தங்கை வீடு மலைக்கு அந்தப் பக்கம், வழியில் பாலம் உடைந்திருக்கிறது. பாலத்தைக் கட்டுகிறவருக்கும் பொன்னுக்கு வீங்கி. அவள் ரொம்பக் கூச்சக்காரி வேறு, போனைப் பார்த்தால் மயங்கிவிடுவாள்.

கண்டிப்பாக வந்துதான் தீருவார் என்றால், அகஸ்டினா என்று ஒருத்தி இருக்கிறாள். ஏறக்குறைய பாரெக் மாதிரியே இருப்பாள். கொஞ்சம் பேசிப் பழக்கினால் போதும்.

இந்த லூகாஸ் ஏதாவது சொன்னால் நம்பாதே. அவன் உப்பையே சர்க்கரை என்று போடுகிறவன்.

சித்தப்பா

*

குப்பாங்,
27 மார்ச் 2018

சித்தப்பாவுக்கு,

லூகாஸ் அண்ணனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். பாரெக் அக்காவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “எந்தப் பாரெக்மா? வெள்ளிக்கிழமை ஜெட்டியில நிக்கிற அத்தனை மூஞ்சியும் எனக்குத் தெரியும். அப்பிடி ஒரு ஆளே இல்லையே” என்றார்.

நாற்பது தாளையும் எடுத்து மேசையில் பரப்பினேன். நாற்பதிலும் ஒரே பேனா. ஒரே சாய்வு. நீங்கள் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. மாதிரி ஆள் என்றால் இட்டுக்கட்டின ஆள் இல்லை சித்தப்பா. பத்து நிஜ மனிதர்களைக் காய்ச்சி எடுத்தால் வருகிற ஒருவர். அந்தப் பத்துப் பேர் இல்லாவிட்டால் அது வெறும் பொம்மை. ஒரு பொம்மைக்காக நாங்கள் ஐந்து வாரம் தேநீர் ஆற்றியிருக்கிறோம். நாளைக் காலை வெனிங் அம்மாவிடம் நானே சொல்லப்போகிறேன். வேலை போகட்டும்.

இன்னொன்றும் பார்த்தேன். எந்த வாரம் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று தெரிய, கம்பெனி பழைய பயணிகள் பட்டியலை எங்களிடம் கொடுத்திருக்கிறது. தேடக் கூடாது என்று நினைத்தும் தேடினேன். 15 ஜனவரி 2016, வெள்ளிக்கிழமை. மறுநாள் அப்பாவை அடக்கம் செய்தோம். அந்தக் கப்பலில் இருக்கைகள் நூற்று எண்பது. ஏறியவர்கள் நூற்றுப் பத்தொன்பது.

அறுபத்தொரு இருக்கை காலி.

எழுத வேண்டாம்.

கேவா

*

வாத்தோலோன் ஜெட்டி,
13 ஏப்ரல் 2018

கேவா,

எழுத வேண்டாம் என்றாய். ஒரு தடவை மட்டும் படித்துவிடு.

அறுபத்தொன்று இல்லை, அறுபத்திரண்டு. நாற்பத்தேழாம் இருக்கையை நான் வாங்கியிருந்தேன். என் சன்னலில் நானே எனக்குக் கிழித்துக் கொடுத்த டிக்கெட். அதனால்தான் பட்டியலில் என் பெயரும் சேர்ந்திருக்கும், பார். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அண்ணனுக்குப் பெட்டிக்குள் வைக்க ஒரு புதுச் சட்டை பையில் இருந்தது. பலகை போட்டார்கள். லூகாஸ் கையை நீட்டினான். “வாங்கண்ணே, ரெண்டே எட்டு” என்றான். என்னால் முடியவில்லை.

ஏன் என்று கேட்டால் பழைய தமியான் ஒரு சுறாக் கதை சொல்லியிருப்பான். சுறா இல்லை. நான் விழுந்ததில்லை, யாரும் விழுந்து பார்த்ததும் இல்லை. பலகைக்குக் கீழே தண்ணீர் அசைகிறது, அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்தே இப்படி. நான் இந்தத் தீவை விட்டு ஒரு நாளும் போனதில்லை கேவா. குப்பாங் ரொட்டிக் கடை எல்லாம் பயணிகள் சொல்லிக் கேட்டது. இளமையில் கப்பல் ஓட்டினேன் என்று ஊரில் சொல்லிவைத்ததும் கதைதான். கப்பலில் ஏறாதவன் கப்பலுக்கு டிக்கெட் கிழித்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்றுதான் அந்தச் சன்னலுக்கே வந்தேன்.

நீ பயத்தை எழுதச் சொல்லி ஒரு கோடு போட்டிருந்தாய். முப்பத்தாறு தாள் வரைக்கும் அந்தக் கோட்டில் பேய், மாமியார் என்று என்னென்னவோ எழுதினேன். முப்பத்தேழில் கை தானாக எழுதிவிட்டது. பெண் பெயர் போட்டால் தெரியாது என்று நினைத்தேன்.

இப்போது பதினோரு தாள் அனுப்புகிறேன். இந்த முறை நான் எழுதவில்லை. பேனாவை அவரவர் கையில் கொடுத்துவிட்டு நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அகஸ்டினா எழுதி முடித்துவிட்டுக் கேட்டாள். “ஏண்ணே, பலகைகிட்ட வந்தா எனக்குக் காலு மரத்துப்போகுதுன்னு எழுதியிருக்கேன். சிரிப்பாங்களா?”

“யாரும் சிரிக்கமாட்டாங்க, எழுது” என்றேன்.

“ஒங்களுக்கு என்ன, கப்பலையே ஓட்டினவரு.”

“இல்லம்மா. நான் ஏறினதே இல்ல.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கூட்டிச் சொல்லவும் வரவில்லை.

தமியான்

*

குப்பாங்,
24 ஏப்ரல் 2018

சித்தப்பாவுக்கு,

பட்டியலைப் பார்த்தேன். பெயர் இருக்கிறது. பக்கத்தில் ‘ஏறவில்லை’ என்று சின்னதாக ஒரு குறி. அப்படியானால் நூற்றுப் பதினெட்டுப் பேர். உங்கள் கணக்குச் சரி. அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மலையில பொறந்தவன், பயந்தா பயம்னு சொல்ல வேண்டியதுதானே” என்றாள். அப்புறம் மிச்சச் சோளத்தைத் தின்றாள்.

வெனிங் அம்மாவிடம் போன மாதமே சொல்லிவிட்டேன். அவர் சுவரிலிருந்து பாரெக் அக்காவைக் கழற்றினார். அன்றைக்குத் தேநீர் யாரும் வைக்கவில்லை. நாற்காலி மட்டும் இருந்தது. அதில் உட்கார யாருக்கும் மனம் வரவில்லை.

உங்கள் பதினோரு தாள் வந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு படித்தோம். பதினோரு பேனா. பதினோரு சாய்வு. அதில் மூன்று பேர் பலகையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒருவர் கூட இருக்கையைப் பிடித்து வையுங்கள் என்று கேட்கவில்லை. அகஸ்டினா அக்கா எழுதியிருக்கிறார்: ‘கை பிடிச்சா ஏறிடுவேன். பிடிங்கன்னு கேக்கத்தான் வெக்கம்.’ வெனிங் அம்மா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “நம்ம அழகான பொத்தான் அவங்களை ஜெட்டியிலேயே நிறுத்தி வச்சிருக்கும் கேவா. வெள்ளிக்கு வெள்ளி தள்ளிப்போட நாமளே வழி பண்ணிக் கொடுத்திருப்போம்.”

பொத்தானை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டம்: ‘ஏறும்போது கை பிடிக்க ஒருவர் வேண்டும்.’ தொட்டால் போதும், வாயைத் திறந்து கேட்க வேண்டியதில்லை. கப்பல் ஆட்களுக்குப் பட்டியல் போய்விடும்.

சுவரில் புது ஆள். ஐம்பத்தெட்டு வயது, ஆண். நிறையப் பேசுவார், பலகை வந்தால் பேச்சு நின்றுவிடும். உங்கள் பெயர் வைக்கவில்லை, நிஜ மனிதரின் பெயரை வைக்கக் கூடாது என்பது விதி. முகத்தை இந்த முறை எங்களைப் பார்க்கிற மாதிரி வரைந்திருக்கிறோம். அந்தச் சீப்பு யாருடையது என்று இன்னும் தெரியவில்லை.

கேவா

*

குப்பாங்,
22 மே 2018

சித்தப்பா,

இரண்டு வரிதான். கப்பல் கிளம்பப்போகிறது, லூகாஸ் அண்ணன் அவசரப்படுத்துகிறார். தளம் மூன்று வாரமாக ஓடுகிறது. அந்தக் கட்டத்தை இதுவரை இருபத்தாறு பேர் தொட்டிருக்கிறார்கள். நேற்று வெனிங் அம்மா என் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். வேலை நிலைத்துவிட்டது.

வாருங்கள் என்று நான் எழுதமாட்டேன். சனிக்கிழமை எனக்கு விடுமுறை என்று மட்டும் எழுதுகிறேன்.

கேவா

*

கப்பலிலிருந்து,
26 மே 2018, விடியற்காலை

என் தங்கம் கேவாவுக்கு,

இந்தக் கடிதத்தை லூகாஸிடம் கொடுக்கவில்லை. நானே கொண்டுவருகிறேன்.

எனக்குத்தான் போன் இல்லையே, கன்னியாஸ்திரியின் போனை வாங்கி இடம் பிடித்தேன். (அவர் நிஜம். பன்றிக்குட்டிதான் நான் சேர்த்தது.) நாற்பத்தேழு காலியாக இருந்தது. கட்டத்தைத் தொட்டேன். தொட்டபோது யாரும் பார்க்கவில்லை என்பது எவ்வளவு பெரிய உபகாரம் என்று உன் தலைவியிடம் சொல்.

ஆனால் அந்த லூகாஸ் இருக்கிறானே! பட்டியலை ஜெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தான். “தமியான் லாகா, கை வேணும்!” இதை உடனே மாற்றச் சொல், மெதுவாகத்தான் வாசிக்க வேண்டும். கடல் காக்கைகள் கூடத் திரும்பிப் பார்த்தன. மாமரத்தடிக்காரர்கள் எல்லாரும் இறங்கி வந்துவிட்டார்கள். “என்ன மாலுமி, கப்பல் ஓட்டப் போறீங்களா?” என்றான் ஒருவன். எனக்கு முன்னால் நின்ற அகஸ்டினா திரும்பி, “ஏண்டா, நீ ஏறிப் பாரேன்” என்றாள். பிறகு அவள் லூகாஸின் ஒரு கையைப் பிடித்து ஏறினாள். ஏறிவிட்டு அவளே எனக்குக் கையை நீட்டினாள். லூகாஸ் மறுபக்கம் பிடித்தான். ரெண்டே எட்டு. அவன் அன்றைக்குச் சொன்னது நிஜம்தான் கேவா.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் நினைவில்லை. தீவு ஒரு கை அகலத்துக்குச் சுருங்கியது. அதன் மேல் மேகம் துணி மாதிரி மடிந்து உட்கார்ந்தது. ஐம்பத்தெட்டு வருடம் அதற்குள் இருந்தேனா என்று ஆச்சரியமாக இருந்தது. சன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். ஏழு திமிங்கிலம் வந்து வணக்கம் வைத்தன. சரி, ஒன்று. ஒன்றுகூட இல்லை. ஆனால் வருவதற்கு இடம் இருந்தது.

இப்போது தண்ணீர் வெளுத்துவருகிறது. தூரத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. அது குப்பாங்காகத்தான் இருக்க வேண்டும், நான் பார்த்ததில்லை. கிராம்பு வாசனையோடு ஒரு சட்டை பையில் இருக்கிறது. இரண்டு வருடமாக மடிப்புக் கலையாமல் வைத்திருந்தேன். முதலில் அண்ணனிடம் கூட்டிக்கொண்டு போ. அவனிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து, பெரிய பெரிய கதையாகக் கட்டி, எல்லாவற்றையும் கடலில் போட்டுவிட்டேன். சொல்ல ஒன்றுதான் மிச்சம்.

கப்பல் நிரம்பவில்லை. இன்றைக்கும் நிரம்பவில்லை. நானே எழுந்து நடந்து எண்ணிப் பார்த்தேன்.

பலகை போடுகிறார்கள். நிறுத்துகிறேன், இரண்டு கையும் வேண்டும்.

சித்தப்பா